சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்க விரிவாக்கமும் சுற்றுவட்டாரப் போக்குவரத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் அரங்கம் 2009ஆம் ஆண்டுக்குப் பின் இருமுறை பெரிய அளவில் இடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதே காலத்தில் அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ வந்தது. பறக்கும் ரயில் தடத்தின் ஒரு பகுதி ஓராண்டுக்கு மேல் மூடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளும் தொடங்கின. அரங்கத்துக்கு ஒரு வரைபடம், ரயிலுக்கு இன்னொன்று, சாலைக்கு வேறொன்று எனத் தனித்தனியே திட்டமிடப்படும்போது, அவற்றுக்கு இடையில் அகப்பட்டுக்கொள்பவர்கள் ரசிகர்களும் திருவல்லிக்கேணிவாசிகளும்தான். அவர்கள் பரவலாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

ஓர் அரங்கின் கொள்ளளவு என்பது நாற்காலிகளின் எண்ணிக்கைதானே?

பொதுவாக அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால், பாதுகாப்பு நோக்கில் அந்தக் கணக்கு வேறு மாதிரிப் போடப்படுகிறது. 1971ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் கால்பந்து அரங்கில், ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேறும்போது ஒரு படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். அதன்பின் பிரிட்டனில் உருவான அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, கொள்ளளவை நான்கு விதமாக அளக்கச் சொல்கிறது: ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வர முடியும், எத்தனை பேர் பாதுகாப்பாக அமர முடியும், ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேர் வெளியேற முடியும், தீ போன்ற நெருக்கடியில் குறித்த நேரத்துக்குள் எத்தனை பேரை வெளியேற்ற முடியும். இந்த நான்கில் எது மிகக் குறைவோ அதுவே அரங்கின் கொள்ளளவு.

இந்தக் கணக்கைச் சேப்பாக்கத்தின் அளவுக்குப் போட்டுப் பார்க்கலாம். சமதளப் பாதையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் கடக்க முடியும் என்று அந்த வழிகாட்டி கொள்கிறது. நெருக்கடி வெளியேற்றத்துக்கு அது தரும் உச்சபட்ச நேரம் 8 நிமிடங்கள்; தீ அபாயம் கூடுதலாக உள்ள கட்டடங்களில் அது இரண்டரை நிமிடம் வரை குறையும். சுமார் 38,000 பேரை 8 நிமிடங்களில் வெளியேற்ற, சமதளமானால் மொத்தம் 58 மீட்டர் அகலமுள்ள வாயில்கள் வேண்டும்; படிக்கட்டுகளானால் 72 மீட்டர் வேண்டும். உள்ளே வருவதற்கும் இதே போன்ற கணக்கு உண்டு. ஒரு சுழல்வாயிலில் மணிக்கு அதிகபட்சம் 660 பேர் நுழையலாம் என்று வைத்தால், 38,000 பேருக்கு 58 சுழல்வாயில்கள் தேவை. நம் ஊரில் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சோதித்து, தண்ணீர் பாட்டிலையும் பையையும் வாங்கி வைத்த பிறகே உள்ளே விடுகிறார்கள் என்பதால் அந்த வேகம் கிடைப்பது அரிது. ஆகவே, புதிய பார்வையாளர் மாடம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தால், எத்தனை இருக்கைகள் கூடும் என்று கேட்பதற்கு முன்னால், வெளியேறும் வழி எத்தனை மீட்டர் கூடும் என்று கேட்க வேண்டும்.

ஐ, ஜே, கே மாடங்கள் இத்தனை ஆண்டுகள் ஏன் பூட்டிக் கிடந்தன?

அரங்க விரிவாக்கத்தைப் பற்றிப் பேசும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்வு இது. 2011 உலகக் கோப்பையை முன்னிட்டு, 2009இல் சுமார் 175 கோடி ரூபாய்ச் செலவில் மறுகட்டுமானம் தொடங்கியது. லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையைச் சேர்ந்த நடராஜ் வெங்கட் நிறுவனமும் வடிவமைத்தன. பார்வையை மறைத்துக்கொண்டிருந்த பழைய தூண்கள் போயின. கூம்பு வடிவில் இழுத்துக் கட்டப்பட்ட வெள்ளைத் துணிக்கூரைகள் வந்தன. கடற்காற்று மைதானத்துக்குள் வருவதற்காக மாடங்களுக்கு நடுவே இடைவெளி விடப்பட்டது. வடிவமைப்பு என்ற அளவில் அது மிக நல்ல வேலை.

ஆனால், புதிதாக எழுந்த ஐ, ஜே, கே மாடங்களின் அருகிலேயே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் நின்றதால், கட்டட விதிகள் கேட்கும் திறந்தவெளி அங்கே இல்லாமல் போயிற்று. தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கும் கூட்டம் கலைந்து செல்வதற்கும் உரிய இடம் அது. அனுமதி தொடர்பான தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சுமார் 12,000 பேர் அமரக்கூடிய மூன்று மாடங்களும் 2012 முதல் பெரும்பாலும் வெறிச்சோடியே கிடந்தன. தொலைக்காட்சியில் சேப்பாக்கம் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, மஞ்சள் கடலுக்கு நடுவே ஆளில்லாமல் தெரிந்த அந்த வரிசைகள் நினைவில் இருக்கும். 2019இல் சென்னையில் நடக்கவிருந்த ஐபிஎல் இறுதிப்போட்டி, இந்த மாடங்களைத் திறக்க அனுமதி கிடைக்காத காரணத்தாலேயே ஹைதராபாத்துக்குப் போனது. கூடத்தை அகற்றிய பிறகு, 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில்தான் அங்கே மீண்டும் பார்வையாளர்கள் அமர்ந்தார்கள்.

கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய மாடங்கள், பக்கத்தில் சில மீட்டர் நிலம் இல்லாத ஒரே குறையால் பல ஆண்டுகள் பயனற்றுக் கிடந்தன. அந்த நிலத்தைப் பற்றிய பேச்சு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதே இங்கு எங்கள் திடமான கருத்து.

2023இல் நடந்த பணிகளால் இருக்கைகள் கூடினவா?

பழைய அண்ணா மாடமும் கிளப் மாடமும் இருந்த பக்கம் சுமார் 139 கோடி ரூபாய்ச் செலவில் இடித்துக் கட்டப்பட்டு, 2023 மார்ச்சில் கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான மாடம் திறக்கப்பட்டது. சில ஆயிரம் இருக்கைகள் சேர்ந்தன. இந்தப் பணியின் பெரும்பயன் வசதிகள் மேம்பட்டதிலும், அரங்கம் முழுவதும் ஒரே தரத்துக்கு வந்ததிலும் இருக்கிறது.

அரங்கத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறதே, இன்னும் என்ன குறை?

இந்தியாவில் ரயில் நிலையம் இவ்வளவு அருகில் அமைந்த அரங்கங்கள் அதிகம் இல்லை. மும்பை வான்கடேவுக்கு சர்ச்கேட் எப்படியோ, அப்படிச் சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டித் தூண்கள் மேல் செல்லும் இந்தத் தடம், 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரைதான் முதலில் ஓடியது. 1997இல் திருமயிலைக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது.

குறை நிலையத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. நிலையம் உயரத்தில் உள்ளது. ஆட்டம் முடிந்து, இரவு பதினோரு மணியளவில் ஒரே நேரத்தில் வரும் ஆயிரக்கணக்கானவர்கள் படியேறி நடைமேடைக்குப் போக வேண்டும். ரயில் வருவதற்குள் நடைமேடை நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருபவர்கள் படிக்கட்டிலேயே நிற்பார்கள். முன்னால் நிற்கும் கூட்டம் ஏன் நகரவில்லை என்பது அவர்களுக்குப் பின்னால் வருபவர்களுக்குத் தெரியாது, தள்ளுவார்கள். இறங்குபவர்களும் அதே படிகளையே நம்பியிருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். ஐப்ராக்ஸில் நடந்தது படிக்கட்டில்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். கூட்டத்தை நிலையத்துக்கு வெளியே, தரைமட்டத்தில், தடுப்புகளுக்கு நடுவே வரிசையாக நிறுத்தி, ஒரு ரயிலுக்கு ஏறக்கூடிய அளவு மட்டும் மேலே விடுவதே இதற்குத் தீர்வு. லண்டன் வெம்பிளியில் இப்படித்தான் செய்கிறார்கள். அதற்குக் காவலர்களும் தடுப்புகளும் ஒலிபெருக்கியும் இருந்தால் போதும். ஆனால், ரயில்வே, காவல்துறை, கிரிக்கெட் சங்கம் மூன்றும் ஒரே திட்டத்தில் கையெழுத்திட வேண்டும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்க அன்று பல லட்சம் பேர் கடற்கரைக்கு வந்தார்கள்; வெயிலில் வாடி ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து திரும்பியவர்கள் இதே பறக்கும் ரயில் நிலையங்களில்தான் குவிந்தார்கள். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது ரயில்பாதை அமைப்பதற்காக 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை சேவை அப்போது தொடங்கியிருக்கவில்லை; அந்த மாத இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. அதாவது, வடசென்னைக்குப் போக வேண்டியவர்களுக்கு நேர்ரயில் இல்லாத காலத்தில்தான் அந்த நிகழ்ச்சியும், அதற்கு முந்தைய ஆண்டு உலகக் கோப்பை ஆட்டங்களும் நடந்தன.

நான்காவது பாதை தேவையான பணி. அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், ஒரு தடம் மூடியிருக்கும் காலத்தில் அதே தடத்தை நம்பிப் பெருங்கூட்டத்தை அழைக்கும்போது, அதற்கு ஈடாக எத்தனை பேருந்துகள், எந்தச் சாலையில், எந்த நேரத்தில் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும்.

மெட்ரோ ரயில் எத்தனை பேரை ஏற்றிச் செல்லும்?

அருகிலுள்ள மெட்ரோ நிலையம், 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அரசினர் தோட்டம். அங்கிருந்து வாலாஜா சாலை வழியே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் அரங்கம் வந்துவிடும். நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு ரயிலில் சுமார் 1,200 பேர் செல்லலாம். 6 நிமிடத்துக்கு ஒரு ரயில் வீதம் இருதிசையிலும் ஓடினால் மணிக்கு 20 ரயில்கள், அதாவது 24,000 பேர். இரவு நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்தால் அது 10,000க்கும் கீழே போய்விடும். ரசிகர்களில் பத்துக்கு நால்வர் மெட்ரோவைத் தேர்ந்தெடுத்தால்கூட 15,000 பேருக்கு மேல் வருவார்கள். எனவே, கடைசி ரயிலின் நேரத்தை நீட்டித்தால் மட்டும் போதாது. ஆட்டம் முடிந்த பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தில் ரயில்களின் இடைவெளியும் குறைய வேண்டும்.

போட்டி நுழைவுச்சீட்டையே பயணச்சீட்டாக ஏற்பது நல்ல வழியா?

மிக நல்ல வழி. 2023 ஐபிஎல் போட்டிகளின்போது, நுழைவுச்சீட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகச் செல்லும் ஏற்பாடு வந்தது. அரசினர் தோட்டம் நிலையத்திலிருந்து அரங்கத்துக்கு இணைப்புப் பேருந்துகளும் விடப்பட்டன. மறு ஆண்டு மாநகரப் பேருந்துகளிலும் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து இத்தகைய சலுகை தரப்பட்டது. பயணச்சீட்டு இயந்திரத்தின் முன் வரிசை நிற்பது இல்லாமல் போவதே இதன் முதன்மையான பயன்.

இந்த ஏற்பாடு ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் பேசி முடிக்கப்படுவதாக இல்லாமல், அரங்கம் விரிவாக்கப்படும்போதே அனுமதியின் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. சர்வதேசப் போட்டிகளுக்கும் அது பொருந்த வேண்டும். இங்கிலாந்தில் பெரிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரும்போது, சுற்றுப்புறப் போக்குவரத்து மேம்பாட்டுக்குக் கட்டுபவர் இவ்வளவு தர வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்பு சட்டப்படி ஒப்பந்தம் போடுகிறது. அங்கும் எல்லாம் சரியாக நடந்துவிடுவதில்லை. லண்டனில் ஆர்சனல் கழகத்தின் 60,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் 2006இல் திறக்கப்பட்டபோது, மிக அருகிலிருந்த ஹாலோவே ரோடு சுரங்க ரயில் நிலையத்தை விரிவாக்கும் யோசனை செலவு காரணமாகக் கைவிடப்பட்டது. விளைவாக, நெரிசலுக்கு அஞ்சிப் போட்டி நாட்களில் அந்த நிலையத்தின் பயன்பாட்டையே கட்டுப்படுத்துகிறார்கள்.

வாகன நிறுத்தத்துக்குப் பல அடுக்குக் கட்டடம் ஒன்றைக் கட்டினால் என்ன?

கூட்டம் வரும் நாட்கள் ஆண்டில் மிகச் சில. அந்த நாட்களுக்காகக் கட்டும் அடுக்கு நிறுத்தம், ஆட்டம் முடிந்ததும் ஆயிரம் வண்டிகளை ஒரே நேரத்தில் பெல்ஸ் சாலையிலும் வாலாஜா சாலையிலும் கொட்டும். நடந்து போகும் பெருங்கூட்டமும் அதே சாலைகளில்தான் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் உரிய இடம் அரங்கத்தின் அருகில் இருக்கட்டும். மற்றவர்களின் வாகனங்கள் தொலைவிலேயே நிற்கட்டும்.

போட்டி நாட்களில் திருவல்லிக்கேணி மக்களுக்கு என்ன பாதுகாப்பு?

இந்தக் கேள்வியை ரசிகர்கள் கேட்பதில்லை. குடியிருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் கேட்கிறார்கள். அரங்கத்துக்கு மிக அருகில் கஸ்தூர்பா காந்தி தாய் சேய் மருத்துவமனை இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். வாலாஜா சாலை அண்ணா சாலையைத் தொடும் பக்கத்தில் ஓமந்தூரார் பல்நோக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. பிரசவ வலி எடுத்த பெண்ணைப் பெரும்பாலும் ஆட்டோவில்தான் அழைத்து வருகிறார்கள். ஆம்புலன்ஸ் என்றால் விளக்கையும் ஒலியையும் கண்டு காவலர் தடுப்பை விலக்குவார். ஆட்டோவுக்கு அந்த அடையாளம் இல்லை. சாலை மறிக்கப்பட்ட இடத்தில் ஆட்டோ ஓட்டுநர் இறங்கி, உள்ளே இருப்பவரின் நிலையைச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆகவே, மருத்துவமனைக்குச் செல்லும் பாதை ஒன்று எந்த நிலையிலும் மூடப்படாது என்று போக்குவரத்து மாற்ற அறிவிப்பிலேயே, அந்தப் பாதையின் பெயரைக் குறிப்பிட்டு, அச்சிட வேண்டும்.

மேன்ஷன் விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகள், பார்த்தசாரதி கோயிலுக்கும் வாலாஜா பள்ளிவாசலுக்கும் வருகிறவர்கள், தள்ளுவண்டி வைத்துப் பிழைப்பவர்கள் ஆகியோரும் அந்தச் சாலைகளுக்கு உரியவர்களே. குடியிருப்பவர்களுக்கு அனுமதி அட்டை, கடைகளுக்குச் சரக்கு இறக்கும் நேரம், ஆட்டம் முடிந்த இரவிலேயே குப்பை அகற்றுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் பாதி மனக்கசப்பு தீர்ந்துவிடும்.

அரங்கத்தைப் புறநகருக்கு மாற்றிவிட்டால் எல்லாச் சிக்கலும் தீருமல்லவா?

இடம் கிடைக்கும், போக்குவரத்து தானாக வந்துவிடாது. புணே நகருக்கு வெளியே விரைவுச்சாலையை ஒட்டி கஹுஞ்சேயில் கட்டப்பட்ட அரங்கத்துக்கு, சொந்த வண்டி இல்லாதவர் போய்வருவது இன்றும் சிரமம்தான். மாறாக, ஹைதராபாத் உப்பலில் அரங்கத்தின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. கோவை ஒண்டிப்புதூரில் கிரிக்கெட் அரங்கம் அமைக்கும் திட்டம் பேசப்படும் இந்த நேரத்தில், திருச்சி சாலையின் அகலமும் பேருந்துத் தடங்களும் அரங்கத்தின் வரைபடத்தோடு சேர்த்தே முடிவாக வேண்டும். சேப்பாக்கத்தின் பெரிய சொத்து, அது நகரின் நடுவே ரயிலுக்கும் கடற்கரைக்கும் இடையில் இருப்பதுதான்; அதை விட்டுவிடுவது நட்டம்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சேப்பாக்கத்துக்கு உதவுமா?

உதவும், ஆனால், பலரும் நினைக்கும் இடத்தில் அல்ல. 118.9 கிலோமீட்டர் நீளமும் 63,246 கோடி ரூபாய் மதிப்பும் கொண்ட இந்தத் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதில் பூந்தமல்லியிலிருந்து வரும் தடம் மெரினாவின் தென்கோடியில் உள்ள கலங்கரை விளக்கத்தில் முடிகிறது. மெரினா என்றதும் அரங்கத்துக்கு அருகில் என்று தோன்றும். நடந்து போகும் தூரம் அல்ல அது. உண்மையான பயன் திருமயிலையில் கிடைக்கும். மாதவரம் – சிறுசேரி தடமும் பூந்தமல்லித் தடமும் அங்கே சந்திக்கின்றன; பறக்கும் ரயில் நிலையமும் அங்கேயே இருக்கிறது. திருமயிலையிலிருந்து முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி ஆகிய நிலையங்களைத் தாண்டினால் அடுத்தது சேப்பாக்கம். மெட்ரோவிலிருந்து பறக்கும் ரயிலுக்கு மாறும் வழி மழையில் நனையாமல், சாலையைக் கடக்காமல், ஒரே பயணச்சீட்டில் அமைந்துவிட்டால், போரூரிலிருந்தும் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்தும் வருபவர்கள் வண்டியை எடுக்கவே தேவையிருக்காது.

பெங்களூருவில் நடந்தது இங்கும் நடக்கக்கூடுமா?

2025 ஜூன் 4 அன்று, ஐபிஎல் கோப்பையை வென்ற பெங்களூரு அணியின் வெற்றி விழாவுக்குத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில், சின்னசாமி அரங்கத்தின் வாயில்களில் 11 பேர் இறந்தார்கள். அரங்கம் சுமார் 35,000 பேருக்கானது. வெளியே திரண்டவர்கள் அதைப் போலப் பல மடங்கு. உள்ளே விரிவாக்கம் செய்தாலும் செய்யாவிட்டாலும், வாயிலுக்கு முன்னால் இருக்கும் தெருவுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதை எவரும் கணக்கிட்டு வைத்திருப்பதில்லை. சீட்டு இல்லாதவர்களை அரங்கத்தின் வாசலில் தடுப்பதைவிட, அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் தடுப்பதே பாதுகாப்பானது. இலவச அனுமதி என்ற அறிவிப்பை, வரக்கூடிய கூட்டத்தைக் கணக்கிடாமல் எந்த அமைப்பும் வெளியிடக் கூடாது.

விரிவாக்கத்துக்கு யார் யார் அனுமதி தர வேண்டும்?

திட்ட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். அதற்கான அடிப்படை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் வேண்டும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி முன்அனுமதியும் தேவை. நிலம் அரசுக் குத்தகை என்பதால் வருவாய்த் துறையும் இதில் உண்டு. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றை ஒருங்கிணைக்கவென்றே கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. பெரும் அரங்கங்களின் போக்குவரத்துத் திட்டத்தை இந்தக் குழுமமே பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

குடியிருப்பவர் ஒருவர் என்ன செய்யலாம்?

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு அளித்து, அரங்கத்தின் அனுமதிக்கப்பட்ட வரைபடம், பணி நிறைவுச் சான்று, தீயணைப்புச் சான்றின் காலாவதி நாள், அவசர வெளியேற்றத் திட்டம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்கலாம். பாதுகாப்பு காரணம் காட்டி வெளியேற்றத் திட்டத்தின் விவரங்களை மறுத்தாலும், அது எந்த ஆண்டில் தயாரிக்கப்பட்டது, கடைசி ஒத்திகை எப்போது நடந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கேட்டு வாங்கலாம். வார்டு உறுப்பினர் நடத்தும் பகுதி சபைக் கூட்டத்தில் மருத்துவமனைப் பாதை, குடியிருப்போர் அனுமதி அட்டை ஆகியவற்றைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். புதிய பருவத்தின் போட்டி அட்டவணை வெளியாவதற்கு முன் இவற்றைச் செய்வது நல்லது. அட்டவணை வந்த பிறகு காவல்துறையின் போக்குவரத்து ஏற்பாடுகளை மாற்றச் செய்வது கடினம்.